அயர்லாந்தின் பதிவேடுகளும் மூதாதையரைத் தேடுவோரும்

அயர்லாந்துத் தீவிலே இன்று வாழ்வோர் ஏறத்தாழ 70 இலட்சம் பேர். ஆனால், ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் தம்மை ஐரிஷ் வம்சாவளியினர் என்று சொல்லிக் கொள்வோர் மூன்று கோடிக்கும் அதிகம். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பிரித்தானியாவிலும் பரந்து வாழ்வோரையும் சேர்த்தால், தாய்மண்ணில் இருப்பவர்களைப் போலப் பன்மடங்கினர் வெளியே இருக்கின்றனர். இவர்களிற் கணிசமானோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் தம் பாட்டனோ பூட்டனோ எந்த ஊரிலிருந்து கப்பலேறினான் என்று அறிய முற்படுகின்றனர். அந்தத் தேடல் பெரும்பாலும் ஒரே இடத்திற்குத்தான் இட்டுச் செல்கிறது: அயர்லாந்தின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள்.

எந்த நாட்டிலும் பதிவாளர் நாயகத்தின் அலுவலகம் சுவையான இடமாகக் கருதப்படுவதில்லை. சான்றிதழ் ஒன்றின் பிரதிக்காக வரிசையில் நிற்கும் இடம் என்பதே நமது நினைவு. ஆனால் அயர்லாந்தைப் பொறுத்தவரை அந்த அலுவலகத்தின் ஏடுகள் ஒரு தேசத்தின் ஞாபகத்தில் எஞ்சிய பெரும் பகுதி. ஏனைய ஆவணங்கள் எரிந்தும் கூழாக்கப்பட்டும் போன பின்னர் தப்பியவை அவை.

தாமதமாக வந்த சட்டம்

இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1837 இல். ஸ்கொட்லாந்தில் 1855 இல். அயர்லாந்திலோ முழுமையான பதிவு 1864 ஜனவரி 1 ஆம் திகதிதான் தொடங்கியது. அதற்கு முன்னர், 1845 ஏப்ரல் 1 முதல் கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணங்கள் மட்டும் பதிவு செய்யப்பட்டு வந்தன.

இந்த 1845 ஆம் ஆண்டுத் தொடக்கத்திற்கு ஒரு வழக்கின் பின்னணி உண்டு. அரச திருச்சபையைச் சேர்ந்த ஓர் ஆணுக்கும் பிரெஸ்பிட்டேரியன் பெண்ணுக்கும் பிரெஸ்பிட்டேரியன் போதகர் நடத்திவைத்த திருமணம் செல்லுமா என்ற கேள்வி இலண்டனில் பிரபுக்கள் சபை வரை சென்றது. அங்கே நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்தமையால், அத்திருமணம் செல்லாது என்ற கீழ்த் தீர்ப்பே நிலைத்தது. அயர்லாந்தின் வடபகுதியில் எண்ணற்ற குடும்பங்கள் இதனால் கலங்கின. பெற்றோரின் திருமணம் செல்லாதென்றால் பிள்ளைகளின் வாரிசுரிமை என்னாவது? இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1844 ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் வந்தது. சனத்தொகையின் பெரும்பான்மையினரான கத்தோலிக்கர் அதற்குள் வரவில்லை. திருமணம் ஒரு திருவருட்சாதனம். அதில் அரசு கைவைக்கலாகாது என்பது அவர்களின் திருச்சபையின் நிலைப்பாடு.

விளைவு என்னவெனில், 1845 இற்கும் 1852 இற்கும் இடையில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி அயர்லாந்தைப் பெரும் பஞ்சம் பீடித்தபோது, இறந்தவர்களைப் பதிவு செய்வதற்கு எந்த அரச ஏடும் இருக்கவில்லை. 1841 குடிசன மதிப்பீட்டில் 82 இலட்சமாக இருந்த சனத்தொகை 1851 இல் 65 இலட்சமாகச் சுருங்கியது. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர்; அதற்குக் குறையாத தொகையினர் நாட்டைவிட்டு ஓடினர். எத்தனை பேர் இறந்தனர் என்று 1851 இல் கணக்கெடுக்க முயன்றவர் வைத்தியர் வில்லியம் வைல்ட். எழுத்தாளர் ஒஸ்கார் வைல்டின் தந்தை என்று சொன்னால் வாசகர்களுக்கு எளிதில் விளங்கும். வீட்டுக்கு வீடு சென்று, கடந்த பத்தாண்டில் உங்கள் குடும்பத்தில் இறந்தவர் யாவர் என்று எஞ்சியிருந்தோரிடம் கேட்பதே அக்கணக்கெடுப்பின் முறை. குடும்பம் முழுவதுமே மாண்டுபோன வீட்டில், அல்லது எல்லோரும் கப்பலேறிவிட்ட வீட்டில் பதில் சொல்ல எவருமில்லை. ஆகவே மிக மோசமாக அழிந்த குடும்பங்களே அக்கணக்கில் இடம்பெறாமற் போயின. பஞ்சத்தில் மாண்டோரின் தொகை குறித்து வரலாற்றாசிரியர்கள் இன்றும் மதிப்பீடுகளையே தருவதற்கு இதுவே காரணம்.

வைத்தியரே பதிவாளர்

1864 இல் பதிவு தொடங்கியபோது அதற்கெனப் புதிய நிர்வாகம் ஒன்றை அரசு கட்டியெழுப்பவில்லை. ஏற்கெனவே இருந்த ஏழைகள் சட்ட ஒன்றியங்களையே பதிவு மாவட்டங்களாக எடுத்துக்கொண்டது. 1838 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முதலில் 130 ஆகவும், பஞ்சத்திற்குப் பின் 163 ஆகவும் வகுக்கப்பட்ட ஒன்றியங்கள் இவை. ஒவ்வொன்றும் ஒரு சந்தை நகரையும் அங்கிருந்த ஏழைகள் விடுதியையும் மையமாகக் கொண்டது. ஒவ்வோர் ஒன்றியமும் இலவச மருந்தகப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அந்த மருந்தகத்தின் வைத்தியரே பெரும்பாலும் பதிவாளராகவும் இருந்தார். அவர் எழுதிய ஏட்டின் பிரதி மேற்பார்வைப் பதிவாளர் ஊடாக டப்ளினுக்கு அனுப்பப்பட்டது. அங்கே முழு நாட்டுக்குமான பெயர் அட்டவணை தயாரிக்கப்பட்டது.

ஆய்வில் இறங்கும் புதியவர்கள் முதலில் இடறி விழும் இடம் இதுதான். பதிவு மாவட்டம் என்பது நிர்வாக மாவட்டம் அல்ல. ஒன்றியங்கள் நகரைச் சுற்றி வகுக்கப்பட்டவையாதலால் மாவட்ட எல்லைகளைத் தாண்டிச் சென்றன. உதாரணமாக, பலினஸ்லோ ஒன்றியம் கோல்வே மாவட்டத்திலும் ரொஸ்கொமன் மாவட்டத்திலும் பரந்திருந்தது. தன் பூட்டன் ரொஸ்கொமன்காரன் என்று கேள்விப்பட்ட ஒருவர், பலினஸ்லோ என்ற பெயரைக் கண்டதும் அது கோல்வேயாயிற்றே என்று அப்பதிவைத் தள்ளிவிட்டால், தேடிய மனிதரையே தள்ளிவிட்டவராவார்.

பிறப்புப் பதிவில் பிறந்த திகதி, இடம், பிள்ளையின் பெயர், தந்தையின் பெயரும் வதிவிடமும், தாயின் பெயரும் அவளது கன்னிப்பெயரும், தந்தையின் தொழில், தகவல் தந்தவரின் பெயர் என்பன இருக்கும். இவற்றுள் இரண்டு விடயங்கள் பெறுமதி மிக்கவை. ஒன்று தாயின் கன்னிப்பெயர். ஒரே ஊரில் ஒரே பெயருடைய பல குடும்பங்களைப் பிரித்தறிய அதுவே வழி. மற்றையது, 'டவுன்லாந்து' எனப்படும் சிற்றூர்ப் பிரிவின் பெயர். அயர்லாந்து 60,000 இற்கும் மேற்பட்ட இத்தகைய சிற்றூர்ப் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளது. இப்பெயர் கிடைத்துவிட்டால், 1847 இற்கும் 1864 இற்கும் இடையில் வெளியான கிரிபித்தின் காணி மதிப்பீட்டில் அந்தக் குடும்பம் எந்தத் துண்டு நிலத்தில் குடியிருந்தது என்பதைக்கூடத் தேடிப் பார்க்கலாம்.

திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் தந்தையரின் பெயரும் தொழிலும், இரு சாட்சிகளின் பெயரும் உண்டு. எனவே ஒரு தலைமுறை பின்னோக்கிச் செல்லும் ஏணி அதுவே. வயதுக்குரிய இடத்தில் 'முழு வயது' என்று மட்டும் எழுதப்பட்டிருப்பது வழமை. இருபத்தொரு வயதைக் கடந்தவர் என்பதே அதன் பொருள். இறப்புப் பதிவு இம்மூன்றிலும் வறியது. இறந்தவரின் பெற்றோர் பெயர் அதில் இல்லை. நோயின் பெயரும், அது நீடித்த காலமும், மரணத்தின்போது உடனிருந்து தகவல் தந்தவரின் பெயருமே உண்டு. உடனிருந்தவர் மகளாகவோ மருமகளாகவோ இருந்துவிட்டால், அந்தப் பெயரே அடுத்த தேடலுக்கு நூலாகிவிடும். எழுதத் தெரியாதோர் தம் பெயருக்கு எதிரே பெருக்கல் அடையாளமொன்றை இட்டனர். அந்தக் கால ஏடுகளில் அவ்வடையாளங்கள் ஏராளம்.

ஏட்டிலுள்ளதெல்லாம் உண்மையா?

செய்தித்தாள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பாலபாடம் உண்டு. அச்சில் வந்துவிட்டது என்பதற்காக ஒன்று உண்மையாகிவிடாது. பதிவேட்டுக்கும் இது பொருந்தும். பிறப்பைத் தாமதமாகப் பதிந்தால் அபராதம். ஆகவே வேலைப்பளுவில் மறந்துபோன பெற்றோர் பிறந்த திகதியைப் பிற்படுத்திச் சொல்வது சாதாரணமாக நடந்தது. பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் உள்ள திகதி, அரச ஏட்டில் உள்ள பிறந்த திகதிக்கு முந்தியதாக இருப்பதைக் கண்டு ஆய்வாளர்கள் திகைப்பதில்லை, புன்னகைப்பார்கள். கத்தோலிக்கத் திருமணங்களுக்குரிய படிவம் பதிவாளரிடம் போய்ச் சேராமலே விடுபட்டதும் உண்டு.

பெயர்களும் அலைந்தன. ஐரிஷ் மொழியிலிருந்த குடும்பப் பெயர்களை ஆங்கிலம் அறிந்த எழுத்தர்கள் காதில் விழுந்தவாறு எழுதினர். ஓ, மக் ஆகிய முன்னொட்டுகள் ஆங்கில ஆட்சியின் நெடிய காலத்தில் உதிர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த மொழிப் பற்றோடு மீண்டும் வந்து ஒட்டிக்கொண்டன. ஒரே மனிதர் பிறப்பில் சலிவன், இறப்பில் ஓ சலிவன். மக்கொவன் என்ற பெயர் கொல்லன் என்ற பொருளுடைய ஐரிஷ் சொல்லிலிருந்து வந்ததால், சிலர் அதனை மொழிபெயர்த்து ஸ்மித் ஆகிவிட்டனர். இக்குழப்பம் பதிவுத் திணைக்களத்தையே வருத்தியது. அதன் அதிகாரியும் பின்னர் பதிவாளர் நாயகமுமான ரொபேர்ட் மதேசன், 1890 ஆம் ஆண்டின் பிறப்பு அட்டவணைகளைக் கொண்டு ஐரிஷ் குடும்பப் பெயர்களைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். மேர்பி என்பதே நாட்டின் முதன்மையான பெயர் என்று அதில் கண்டார்.

எழுத்தாளர் ஜேம்ஸ் ஜொய்ஸ் 1882 பெப்ரவரி 2 ஆம் திகதி டப்ளினில் பிறந்தவர். அவருக்கு இடப்பட்ட இரண்டாவது பெயர் ஒகஸ்டின். பிறப்புப் பதிவிலோ அது ஒகஸ்டா என்று பெண்பெயராக விழுந்துவிட்டது. உலகப் புகழ் பெற்ற ஒருவருக்கே இக்கதியெனில், கூலித் தொழிலாளியின் பிள்ளைக்குப் பதிவாளர் எவ்வளவு கவனம் செலுத்தியிருப்பார் என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

1922 ஜூன் 30

இத்தனை குறைகளோடும் இப்பதிவேடுகள் ஏன் இவ்வளவு போற்றப்படுகின்றன? டப்ளினில் லிஃபி ஆற்றங்கரையிலுள்ள ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்றத் தொகுதியில் நடந்ததே அதற்கு விடை. அத்தொகுதிக்குள்தான் பொது ஆவணக் காப்பகம் இருந்தது. 1922 ஏப்ரலில் ஒப்பந்த எதிர்ப்புக் குடியரசுப் படையினர் அதனைக் கைப்பற்றினர். ஜூன் 28 ஆம் திகதி தற்காலிக அரசின் படைகள் பீரங்கித் தாக்குதலை ஆரம்பித்தன. ஜூன் 30 ஆம் திகதி பெரும் வெடிப்பொன்று நிகழ்ந்து காப்பகம் தீப்பற்றியது. ஏழு நூற்றாண்டுகளின் ஆவணங்கள் சாம்பலாகின. எரிந்த தாள்கள் காற்றில் மிதந்து நகரமெங்கும் விழுந்தன. ஆவணங்கள் எரிவதென்றால் என்னவென்று நமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1821 முதல் 1851 வரையான நான்கு குடிசன மதிப்பீடுகளின் வீட்டுப் படிவங்களிற் சில துண்டுகளைத் தவிர எல்லாம் அத்தீயில் அழிந்தன. அங்கு வைக்கப்பட்டிருந்த அயர்லாந்துத் திருச்சபையின் பங்குப் பதிவேடுகள் ஏறத்தாழ ஆயிரமும் போயின. ஆனால் பழியனைத்தையும் தீயின் மீது சுமத்துவது சரியல்ல. 1861, 1871 மதிப்பீட்டுப் படிவங்களைப் புள்ளிவிபரம் எடுத்து முடிந்ததும் அரசே அழித்துவிட்டது. 1881, 1891 படிவங்கள் முதலாம் உலகப் போர்க் காலத்தில் காகிதத் தட்டுப்பாட்டினால் கூழாக்கப்பட்டன. போராளிகளின் வெடிமருந்தும் எழுதுவினைஞரின் பேனாவும் சேர்ந்தே இந்த அழிவைச் செய்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கென முழு நாட்டையும் தழுவி எஞ்சிய குடிசன மதிப்பீடு ஒன்றுகூட இல்லை. 1901, 1911 ஆகிய இரண்டு மட்டுமே முழுமையாகக் கிடைக்கின்றன. பதிவாளர் நாயகத்தின் ஏடுகள் வேறு கட்டிடத்தில் இருந்தமையால் தப்பின.

அழிந்தவற்றிலும் சில வரிகள் விசித்திரமான வழியில் பிழைத்தன. 1908 ஆம் ஆண்டு முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. எழுபது வயது நிரம்பியோருக்கு வாரம் ஐந்து ஷிலிங் வரை வழங்கப்படும். அப்போது எழுபது வயதானோர் 1839 இற்கு முன் பிறந்தவர்கள். அவர்களுக்குப் பிறப்புப் பதிவே கிடையாது. வயதை எப்படி நிரூபிப்பது? 1839 ஜனவரி 6 ஆம் திகதி இரவு அயர்லாந்தைப் பெரும் புயலொன்று தாக்கியிருந்தது. அந்த இரவு உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்கப்பட்டதாம்; நினைவிருப்பதாகச் சொன்னோர் தொகை வியப்பூட்டும் அளவுக்கு இருந்ததாம். 1901 இல் ஐம்பத்தைந்து என்று சொன்னவர் 1911 இல் எழுபதைக் கடந்துவிட்ட கதைகள் ஏராளம். ஏனையோருக்காக, 1841, 1851 குடிசன மதிப்பீடுகளில் அவர்களின் குழந்தைப் பருவப் பெயரைத் தேடி, கண்டதை ஒரு படிவத்தில் எழுதி அனுப்பினர் காப்பக ஊழியர்கள். மூல ஏடுகள் எரிந்துவிட்டன. அந்தப் படிவங்கள் இருக்கின்றன. ஐந்து ஷிலிங்குக்காக விண்ணப்பித்த ஏழைக் கிழவிகளின் புண்ணியத்தால், பஞ்சத்திற்கு முந்திய குடும்பங்கள் சிலவற்றின் பெயர்ப்பட்டியல் இன்று நமக்குக் கிடைக்கிறது.

இன்று பெறுவது எப்படி?

ஒரு காலத்தில் இவ்வேடுகளைப் பார்ப்பதற்கு டப்ளினுக்கே போக வேண்டும். பாரமான அட்டவணைப் புத்தகங்களைக் கட்டணம் செலுத்திப் புரட்ட வேண்டும். பதிவுத் திணைக்களத்தின் தலைமையகம் 2005 இல் ரொஸ்கொமன் நகருக்கு மாற்றப்பட்டது. 2016 செப்டெம்பரில் அரசு தனது ஐரிஷ் ஜீனியாலஜி இணையத்தளத்தில் பதிவேட்டுப் பக்கங்களின் படங்களையே இலவசமாக வெளியிட்டது. நூறாண்டு கடந்த பிறப்புகள், எழுபத்தைந்து ஆண்டு கடந்த திருமணங்கள், ஐம்பதாண்டு கடந்த இறப்புகள் என்பதே விதி. ஆண்டு தோறும் மேலும் ஓராண்டு சேர்க்கப்படுகிறது. இந்த எல்லைக்குக் காரணமுண்டு. 2014 இல் அண்மைக் காலப் பிறப்பு அட்டவணைகளும் இணையத்தில் வைக்கப்பட்டபோது, உயிரோடிருப்போரின் பிறந்த திகதியும் தாயின் கன்னிப்பெயரும் எவருக்கும் தெரியவந்தன. வங்கிகள் பாதுகாப்புக் கேள்வியாகக் கேட்பவை அவையே! தரவுப் பாதுகாப்பு ஆணையாளர் தலையிட, அட்டவணை உடனே அகற்றப்பட்டது.

எல்லைக்குட்பட்ட பதிவுகளுக்கு ரொஸ்கொமன் அலுவலகத்திற்கு விண்ணப்பிக்கலாம். சட்டத் தேவைக்குரிய சான்றிதழுக்கு 20 யூரோ. ஆய்வுக்கெனச் சாதாரணப் பிரதி மட்டும் போதுமென்றால் 5 யூரோ. நாடு பிரிந்த பின்னர், 1922 முதல் வடக்கின் ஆறு மாவட்டங்களுக்கும் பெல்பாஸ்ட் நகரிலுள்ள தனி அலுவலகமே பொறுப்பு. அதன் இணையத்தளத்தில் பக்கத்தைப் பார்க்கக் கட்டணம் உண்டு. 1864 இற்கு முற்பட்ட கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பங்குப் பதிவேடுகளே கதி. அவற்றின் படங்களைத் தேசிய நூலகம் 2015 இல் இலவசமாக வெளியிட்டது. மேற்கு மாவட்டங்களின் வறிய பங்குகளில் அவையும் பிந்தியே தொடங்குகின்றன.

தேடுவோர் மனதிற் கொள்ள வேண்டியவை சில. 1877 வரை அட்டவணை ஆண்டுக்கு ஒன்று. 1878 முதல் காலாண்டுக்கு ஒன்று. குறித்த ஆண்டில் பெயர் இல்லையெனில் அடுத்த ஆண்டையும் பார்க்க வேண்டும். ஒரு குழந்தையின் பதிவு அகப்படாவிட்டால் அதன் உடன்பிறப்புகளைத் தேட வேண்டும். பெற்றோர் பெயரும் ஊரும் அங்கும் இருக்கும். எல்லாவற்றுக்கும் முதலாக, குடியேறிய நாட்டிலுள்ள பத்திரங்களைத் தேடித் தீர்த்த பின்னரே அயர்லாந்துக்கு வர வேண்டும். ஊர் தெரியாமல் ஜோன் மேர்பி ஒருவரைத் தேடுவது வைக்கோற் போரில் ஊசி தேடுவதிலும் கடினம்.

இது வெறும் பொழுதுபோக்கும் அல்ல. பாட்டனோ பாட்டியோ அத்தீவிற் பிறந்தவரென்று காட்டினால் ஐரிஷ் பிரசாவுரிமை கோரலாம். 2016 இல் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற வாக்களித்த பின்னர், இப்பழைய ஏடுகளைத் தேடும் பிரித்தானியர் பெருகினர். ஐரிஷ்காரரைத் தாழ்த்திப் பேசிய ஒரு தலைமுறையின் பேரர்கள், ஐரிஷ் பாட்டியொருத்தியைத் தேடியலைந்தது வரலாற்றின் குறும்பு.

796 பெயர்கள்

இப்பதிவேடுகள் என்ன செய்ய வல்லன என்பதை உலகுக்கு உணர்த்தியவர் கத்தரின் கோர்லெஸ். கோல்வே மாவட்டத்தின் டூவம் நகரைச் சேர்ந்த உள்ளூர் வரலாற்றாய்வாளர். அந்நகரில் 1925 முதல் 1961 வரை மணமாகாத தாய்மாருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்குமான இல்லமொன்றைக் கன்னியாஸ்திரிகள் நடத்தி வந்தனர். அங்கு இறந்த குழந்தைகள் எங்கே புதைக்கப்பட்டனர்? கோர்லெஸ் இறப்புப் பதிவுகளைக் கேட்டார். ஒவ்வொரு பிரதிக்கும் பணம் செலுத்திப் பெற்றார். சேர்ந்த பெயர்கள் 796. பட்டியலை நகர மயானத்தின் பதிவோடு ஒப்பிட்டபோது, அங்கே இரு குழந்தைகளே காணப்பட்டனர்.

2012 இல் உள்ளூர்ச் சஞ்சிகையொன்றில் அவர் எழுதியது 2014 இல் உலகச் செய்தியாயிற்று. அரசு விசாரணை ஆணைக்குழு அமைத்தது. பழைய கழிவுநீர் அமைப்போடு தொடர்புபட்ட நிலத்தடி அறைகளில் பெருமளவு மனித எச்சங்கள் இருப்பதாக 2017 மார்ச்சில் உறுதி செய்யப்பட்டது. ஆராயப்பட்ட 18 நிறுவனங்களில் ஏறத்தாழ 9,000 பிள்ளைகள் இறந்ததாக 2021 ஜனவரியில் இறுதி அறிக்கை கூறியது. டூவம் நிலத்தில் அகழ்வுப் பணி 2025 ஜூலையில் ஆரம்பமானது.

பதிவேடே பொய்யுரைத்த சந்தர்ப்பமும் உண்டு. தத்தெடுப்பு முகவர் அமைப்பொன்றின் கோப்புகளிலிருந்து, 1946 இற்கும் 1969 இற்கும் இடையில் வளர்ப்புப் பெற்றோரையே பெற்றோரென எழுதிய 126 சட்டவிரோதப் பிறப்புப் பதிவுகள் கண்டறியப்பட்டதாக 2018 இல் அரசு அறிவித்தது. தாம் யாரென்று ஐம்பது, அறுபது வயதில் அறிந்தோரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். 2022 ஆம் ஆண்டுச் சட்டம்தான் தத்தெடுக்கப்பட்டோருக்குத் தம் மூலப் பிறப்புச் சான்றிதழைப் பெறும் முழு உரிமையை வழங்கியது.

டூவம் குழந்தைகளுக்குக் கல்லறை எழுப்பப்படவில்லை; பெயர்ப்பலகை வைக்கப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு மரணத்தின் போதும் பெயர், வயது, நோய், திகதி என்று யாரோ ஒருவர் படிவத்தை நிரப்பினார். பதிவாளர் ஏட்டில் எழுதினார். சட்டம் சொன்னது, செய்தார்கள். எவரையும் குற்றஞ்சாட்டும் எண்ணத்தோடு எழுதப்பட்ட வரிகளல்ல அவை. எழுதியோர் மறைந்து நெடுங்காலம் சென்ற பின்னர், அவற்றையே சாட்சியாகக் கொண்டு ஒரு பெண் ஓர் அரசையும் ஒரு திருச்சபையையும் பதில் சொல்ல வைத்தார். பஞ்சத்தில் மாண்டவர்களுக்கு அவ்வாறு கேட்க ஒரு பட்டியல் இல்லை. ஏடு இருப்பதற்கும் இல்லாதிருப்பதற்கும் உள்ள வேறுபாடு அதுவே.